சின்னம்மை வந்து நான்கு மாதம் கழித்துக் குழந்தைக்குப் பக்கவாதம்: வைரஸ்தான் காரணமா?

கேள்வியின் சுருக்கம் இது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான்கு மாதத்துக்கு முன் சின்னம்மை வந்து ஆறிவிட்டது. ஒருநாள் காலையில் வலது கையும் காலும் திடீரென்று செயலிழந்தன. ஸ்கேனில் பக்கவாதம் என்று தெரிந்தது. வைரஸ் தொற்றின் பின்விளைவாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். இது எப்படி நடக்கும்? மறுபடி வருமா? வீட்டில் இருக்கும் இளைய குழந்தைக்குச் சளி, காய்ச்சல் வந்தாலும் பயப்பட வேண்டுமா?

மருத்துவர் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சின்னம்மை வேறு, சாதாரணச் சளிக்காய்ச்சல் வேறு. இரண்டுக்கும் பக்கவாதத்தோடு தொடர்பு உண்டு என்றாலும் வழியும் கால இடைவெளியும் வெவ்வேறு. இரண்டையும் 'வைரஸ்' என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் பெற்றோருக்குக் குழப்பமும் தேவையற்ற பயமும் வருகின்றன.

முதலில் ஒரு அளவு தெரிந்திருப்பது நல்லது. பிறந்து 28 நாள் கடந்த குழந்தை முதல் 18 வயது வரை, மூளைக்குப் போகும் தமனி அடைபட்டு வரும் பக்கவாதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது. (பிறந்த முதல் மாதத்தில் வருவது தனிக் கதை. அது இதைவிட அதிகம், காரணங்களும் வேறு.) பெரியவர்களுக்குப் போல ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புப் படிவு என்று இங்கே தேடிப் பயனில்லை. பிறவி இதயக் கோளாறு, சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் அணு ரத்தசோகை, கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிதல், மூளையின் அடிப்பகுதித் தமனிகள் படிப்படியாகக் குறுகிக்கொண்டே போகும் மோயாமோயா நோய், காசநோய் உட்பட மூளை உறைக் காய்ச்சல்கள், ரத்தம் எளிதில் உறையும் தன்மை ஆகியவைதான் குழந்தைகளில் வழக்கமான காரணங்கள். இவை எதுவும் இல்லாமல், அதுவரை ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு வரும்போது, மூளையின் அடிப்பகுதித் தமனி ஒன்று ஒரு பக்கமாக மட்டும் சுருங்கியிருப்பது அடிக்கடி தெரிகிறது. வைரஸ் பற்றிய பேச்சு தொடங்குவது இந்த இடத்தில்தான்.

சின்னம்மையை எடுத்துக்கொள்வோம். கொப்புளம் உதிர்ந்ததும் அந்த வைரஸ் உடலை விட்டுப் போய்விடுவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து ஆயுள் முழுக்க இருக்கிறது. வயதான பிறகு அக்கியாக வெளிப்படுவதும் இதே வைரஸ்தான். முகத்துக்கு உணர்ச்சி தரும் முப்பெரு நரம்பின் முடிச்சு அப்படி ஒளியும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து முகத்துக்கு மட்டுமல்ல, மூளையின் அடியில் ஓடும் பெரிய தமனிகளின் வெளிச்சுவருக்கும் நரம்பிழைகள் போகின்றன. வைரஸ் அந்த இழைகள் வழியே தமனிச் சுவரை எட்டி, வெளியிலிருந்து உள்நோக்கி அழற்சியை உண்டாக்குகிறது. சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது, குறுகிய இடத்தில் ரத்தம் உறைகிறது.

பாதிக்கப்படும் இடமும் பெரும்பாலும் ஒன்றேதான்: உள் கழுத்துத் தமனி மண்டைக்குள் முடியும் பகுதி, அதிலிருந்து பிரியும் நடு மூளைத் தமனியின் தொடக்கம், முன் மூளைத் தமனியின் தொடக்கம். நடு மூளைத் தமனியின் இந்தத் தொடக்கப் பகுதியிலிருந்துதான் மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகளுக்கு மெல்லிய கிளைகள் போகின்றன. அவற்றுக்கு மாற்று வழி கிடையாது. அதனால் ஸ்கேனில் மூளையின் மேற்பரப்பு நன்றாக இருக்க, ஆழத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் செத்திருக்கும். எதிர்ப்பக்கக் கையும் காலும் விழுந்திருக்கும். உங்கள் பிள்ளைக்கு வலப்பக்கம் விழுந்தது என்றால் அடைப்பு இடப்பக்கத் தமனியில் என்று பொருள். பேச்சும் குழறியிருந்தால் அதுவும் இதோடு பொருந்தும்.

வைரஸ் நரம்பு வழியாகப் பயணிக்கவும், சுவர் தடித்துக் குறுகவும் நாளாகிறது. அதனால்தான் அம்மை ஆறி வாரங்களோ மாதங்களோ கழித்துப் பக்கவாதம் வருகிறது. சின்னம்மை வந்து 12 மாதத்துக்குள் வந்தால் தொடர்பு இருக்கலாம் என்று கருதுவது மருத்துவ வழக்கம். 2001இல் வெளியான கனடா ஆய்வில், பக்கவாதம் வந்த சிறு பிள்ளைகளில் 31 சதவீதம் பேருக்கு முந்தைய ஓராண்டுக்குள் சின்னம்மை வந்திருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த மற்றப் பிள்ளைகளில் அது 9 சதவீதம். பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2014இல் வந்த ஆய்வு, சின்னம்மைக்குப் பிந்தைய ஆறு மாதத்தில் பிள்ளைகளின் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்று காட்டியது. நான்கு மடங்கு என்றதும் அதிர வேண்டாம். சின்னம்மை வரும் பிள்ளைகளில் சுமார் 15,000 பேரில் ஒருவருக்கு இப்படி ஆகலாம் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இனி சளிக்காய்ச்சல். இதற்கான வலுவான சான்று, 2009 முதல் 2014 வரை ஒன்பது நாடுகளில் 37 மருத்துவ மையங்களில் நடந்த 'விப்ஸ்' ஆய்வு. பக்கவாதம் வந்த 355 பிள்ளைகளையும் வராத 354 பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். முந்தைய ஒரு வாரத்துக்குள் ஏதாவது தொற்று இருந்ததா என்று கேட்டதில், முதல் பிரிவில் 18 சதவீதம், இரண்டாம் பிரிவில் 3 சதவீதம். மற்றக் காரணிகளைக் கழித்துப் பார்த்தாலும் ஆபத்து ஆறு மடங்குக்கு மேல் இருந்தது. ஒரு வாரம் தாண்டிய பழைய தொற்றுகளுக்கு இந்தத் தொடர்பு தெரியவில்லை. அமெரிக்காவில் நடந்த வேறொரு ஆய்வு, முதல் மூன்று நாட்களில்தான் தொடர்பு மிக வலுவாக இருக்கிறது என்றும், வாழ்நாளில் மொத்தம் எத்தனை முறை சளி பிடித்தது என்பது பொருட்டல்ல என்றும் கண்டது.

சளி, காது வலி, வயிற்றுப்போக்கு என்று தொற்று எதுவானாலும் இப்படி இருக்கிறது என்றால், குறிப்பிட்ட கிருமியைவிட உடல் அதை எதிர்கொள்ளும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. காய்ச்சலின்போது ஃபைப்ரினோஜன் போன்ற உறைவுப் புரதங்கள் ஏறுகின்றன, தட்டணுக்கள் எளிதில் ஒட்டுகின்றன, ரத்தக்குழாயின் உட்பூச்சு சற்றுச் சொரசொரப்பாகிறது, பிள்ளை சரியாகத் தண்ணீர் குடிக்காவிட்டால் ரத்தமும் கெட்டியாகிறது. ஏற்கெனவே குறுகிய தமனியோ இதயக் கோளாறோ உள்ள பிள்ளைக்கு அந்த நாட்களில் ரத்தக்கட்டி உறைய இது போதும். ஆரோக்கியமான பிள்ளைக்குச் சளி மட்டுமே பக்கவாதத்தைக் கொண்டுவந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் இருவர் என்று வைத்தால், ஒரு வாரத்துக்கு சுமார் 26 லட்சம் பிள்ளைகளில் ஒருவர். அதை ஆறால் பெருக்கினால் சளி பிடித்த ஒரு வாரத்தில் சுமார் நான்கு லட்சத்தில் ஒருவர். சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறேழு முறை சளி பிடிப்பது இயல்பு. ஆகவே இளைய குழந்தையின் ஒவ்வொரு தும்மலுக்கும் நடுங்க வேண்டியதில்லை.

விப்ஸ் ஆய்வின் இன்னொரு முடிவு அதிகம் பேசப்படுகிறது, அதிகம் தவறாகவும் புரிந்துகொள்ளப்படுகிறது. பக்கவாதம் வந்த பிள்ளைகளில் 187 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 45 சதவீதம் பேருக்கு ஹெர்பிஸ் குடும்ப வைரஸ் ஒன்றின் அண்மைத் தொற்று அல்லது மீள்கிளர்ச்சி தெரிந்தது. வராதவர்களில் 14 சதவீதம். உதட்டோரக் கொப்புளம் உண்டாக்கும் முதல் வகை ஹெர்பிஸ்தான் அதில் முன்னணி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை. ஆனால் இந்த வைரஸ்கள் ஏராளமானவர்களின் உடலில் தூங்கிக்கொண்டிருப்பவை. கடும் நோய் வரும்போது அவை தாமாகவே விழித்துக்கொள்ளவும் கூடும். எனவே தொடர்பு உறுதி. எது முன், எது பின் என்பது இன்னும் தீரவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஹெர்பிஸ் எதிர்ப்பொருள் 'பாசிட்டிவ்' என்று வந்த தாளை வைத்துக்கொண்டு இதுதான் காரணம் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கோவிட் விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும்: அதன்பின் பிள்ளைகளுக்குப் பக்கவாதம் வந்தது பதிவாகியிருக்கிறது, ஆனால் அது அரிது.

உங்கள் பிள்ளையிடம் வருவோம். சின்னம்மை வரலாறு, வயது, திடீர் ஒருபக்கச் செயலிழப்பு மூன்றும் பொருந்துகின்றன. அதனாலேயே 'வைரஸ்' என்று எழுதிவிட்டுத் தேடலை நிறுத்துவது ஆபத்து. பின்வருவன செய்யப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். எம்.ஆர்.ஐ மட்டுமல்ல, தலை, கழுத்து இரண்டின் தமனிகளையும் காட்டும் எம்.ஆர்.ஏ எடுத்திருக்க வேண்டும். கழுத்தை விட்டுவிட்டால் தமனி கிழிசல் கண்ணில் படாமல் போகும். விளையாட்டில் கழுத்து திரும்பியதால்கூட அது வரலாம். வசதி உள்ள இடங்களில் சாய மருந்து ஏற்றித் தமனிச் சுவரையே படமெடுப்பார்கள். அழற்சி இருந்தால் சுவர் பளிச்சென்று தெரியும். இதயத்துக்கு எக்கோ வேண்டும். ரத்தத்தில் முழு அணு எண்ணிக்கை, இரும்புச் சத்து, சிக்கிள் செல், உறைவுத் தன்மைச் சோதனைகள் வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு சிறு பிள்ளைகளின் பக்கவாதத்தோடு தொடர்புடையது. எளிதில் சரிசெய்யக்கூடியதும்கூட. ஆனாலும் அடிக்கடி விட்டுப்போகிறது.

சின்னம்மைக்குப் பின் சில பிள்ளைகளுக்கு 'புரோட்டீன் எஸ்' என்ற உறைவுத்தடுப்புப் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் தற்காலிகமாக உண்டாகி அதன் அளவைக் குறைத்துவிடும். அந்தச் சமயத்தில் எடுத்த சோதனையை வைத்துப் பிறவிக் குறைபாடு என்று முத்திரை குத்திவிட்டால் பிள்ளை வீணாக ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட நேரும். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

வைரஸ் தமனியில் இருக்கிறதா என்று பார்க்க முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பார்கள். அதில் வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர், எதிர்ப்பொருள் என்று இரண்டு சோதனைகளும் வேண்டும். அம்மை ஆறி மாதங்கள் ஆனபின் பி.சி.ஆர் பெரும்பாலும் நெகட்டிவாகவே வரும்; அதை வைத்து 'வைரஸ் இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது. தண்டுவட நீரில் எதிர்ப்பொருள் இருப்பதே அதிகம் நம்பத்தக்க தடயம். இரண்டுமே இல்லாவிட்டால் வேறு காரணத்தைத் தீவிரமாகத் தேட வேண்டும். ரத்தத்தில் மட்டும் எதிர்ப்பொருள் இருப்பதற்கு மதிப்பில்லை. சின்னம்மை வந்த எவருக்கும் அது இருக்கும்.

சிகிச்சையில் உடன்பாடு உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. உடன்பாடு உள்ளது ஆஸ்பிரின். முதலில் நாளுக்குக் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் என்று தொடங்கிப் பின்னர் குறைப்பது பரவலான முறை. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்த்த பிறகுதான் தொடங்குவார்கள். வீட்டில் நாமாகக் கொடுக்கவே கூடாது. தண்டுவட நீர் சின்னம்மை வைரஸைக் காட்டினால், அல்லது சந்தேகம் வலுவாக இருந்தால், அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழி ஊசியாக 10 முதல் 14 நாள் தருவது வழக்கம். அம்மை ஆறி வெகுநாளான பிள்ளைக்கு இது எவ்வளவு உதவும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஸ்டீராய்டு பற்றியும் விவாதம் ஓயவில்லை. தமனி அழற்சிதான் என்று படம் தெளிவாகக் காட்டும்போது குறுகிய காலத்துக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தமனி நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே போனால் மட்டும் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் நியாயமான நிலைப்பாடுகளே. ஒரு மருத்துவமனையில் கொடுத்தார்கள், இன்னொன்றில் கொடுக்கவில்லை என்பதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரத்தக்கட்டியைக் கம்பி வழியாக இழுத்தெடுக்கும் சிகிச்சை, பெருந்தமனி முழுதும் அடைத்த சில பிள்ளைகளுக்குப் பெரும் பலன் தருகிறது. ஆனால் அழற்சியால் சுருங்கிய தமனிக்குள் கம்பி விட்டால் சுவர் கிழியலாம், மேலும் சுருங்கலாம். அதனால் உங்கள் பிள்ளையைப் போன்றவர்களுக்கு அதை யோசித்துத்தான் செய்வார்கள்.

மறுபடி வருமா என்ற கேள்விக்கு விடை தமனியில் இருக்கிறது. விப்ஸ் ஆய்வில் முதல் மாதத்திலேயே சுமார் 7 சதவீதம் பேருக்கும், ஓராண்டுக்குள் 12 சதவீதம் பேருக்கும் மறுபடி வந்தது. இரண்டாம் முறை யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிக் காட்டியது தமனிக் கோளாறு ஒன்றுதான். தமனி சீராக இருந்தவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. ஒருபக்கச் சுருக்கம் முதல் சில நாட்களிலும் வாரங்களிலும் மோசமாகும். பிறகு நின்று, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நிலைப்படும், அல்லது ஓரளவு விரியும். ஆகவே முதல் மாதம்தான் மிகவும் கவனிக்க வேண்டிய காலம். 3, 6, 12 மாத வாக்கில் மறுபடம் எடுப்பது இதைத் தொடர்ந்து பார்க்கத்தான். பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று அதைத் தவிர்க்காதீர்கள். ஆறு மாதம் தாண்டியும் சுருக்கம் கூடிக்கொண்டே போனாலோ, மறுபக்கத் தமனியும் சுருங்கத் தொடங்கினாலோ, அது வைரஸ் அழற்சி அல்ல, மோயாமோயாவாக இருக்கலாம். அதற்கான வைத்தியம் அறுவை சிகிச்சை என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைக்கு இன்ஃபுளுயன்சா காய்ச்சலோ சின்னம்மையோ வந்தால் ரேய் நோய்க்குறி என்ற, ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிய கோளாறு வரக்கூடும். பக்கவாதத்துக்குக் கொடுக்கும் சிறிய அளவில் அந்த வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனாலும் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட வேண்டும். கடும் காய்ச்சலோ அம்மையோ வந்தால் உடனே மருத்துவரைக் கேட்டு ஆஸ்பிரினைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவுசெய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தினால் கட்டி உறையும் ஆபத்து. நீங்களாகத் தொடர்ந்தால் இந்த ஆபத்து. சாதாரணக் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். ஐபுபுரோஃபென் ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும் என்பதால் தவிர்ப்பது நல்லது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் நீர்ச்சத்து குறையவே விடக் கூடாது.

இளைய குழந்தைக்குச் செய்ய வேண்டியது ஒன்றே: ஒரு வயது முடிந்திருந்து, சின்னம்மை வந்திராவிட்டால் தடுப்பூசி போடுங்கள், இரண்டு தவணையும். வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருந்தால் தொடர்பு ஏற்பட்ட 3 முதல் 5 நாளுக்குள் போட்டாலும் பயன் உண்டு. இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி என்பதால், தடுப்பூசியே பக்கவாதம் தருமோ என்று கேட்பது நியாயம்தான். அமெரிக்காவில் 32 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2009இல் வெளியான ஆய்வு அப்படித் தொடர்பு எதுவும் காணவில்லை. விப்ஸ் ஆய்விலோ வழக்கமான தடுப்பூசிகளைக் குறைவாகப் போட்ட அல்லது போடாத பிள்ளைகளுக்குத்தான் பக்கவாத ஆபத்து ஏழு மடங்கு இருந்தது. ஒரு எச்சரிக்கை: சின்னம்மைத் தடுப்பூசி போட்டபின் ஆறு வாரத்துக்கு ஆஸ்பிரின் தவிர்க்கச் சொல்வது வழக்கம். ஆஸ்பிரின் தினமும் சாப்பிடும் பிள்ளை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

மறுபடி வந்தால் எப்படித் தெரியும்? முகம் ஒரு பக்கம் இழுப்பது, கை தொங்குவது, பேச்சு குழறுவது பெரியவர்களுக்குப் போலத்தான். பிள்ளைகளுக்குக் கூடுதலாக வலிப்பும், கடுமையான தலைவலி, வாந்தியும் வரும். வலிப்பு வந்தால் கவனம் அதன்மீதே போய், ஒரு கை அசையாமல் கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை. வலிப்புக்குப் பின் கை தற்காலிகமாகச் சோர்வது உண்டுதான். அது சரியாகும் வரை காத்திருந்து பார்க்கலாம் என்று நினைக்காமல் ஸ்கேன் கேளுங்கள். முகம் கோணியிருந்தால் நெற்றியைப் பாருங்கள்: நெற்றிச் சுருக்கமும் ஒரு பக்கம் மறைந்து, கண்ணும் மூட முடியவில்லை என்றால் அது முகநரம்பு வாதமாக இருக்கலாம். நெற்றி சரியாக இருந்து வாய் மட்டும் கோணினால் மூளைதான் சந்தேகம். இந்த வேறுபாட்டை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. உங்கள் வேலை உடனே கொண்டுசேர்ப்பது.

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விழுங்கச் சிரமம் இருக்கலாம் என்பதால் தண்ணீர்கூட வாயில் ஊற்றாதீர்கள். கடைசியாகப் பிள்ளை நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பற்றி யோசிக்கவே நாலரை மணி நேரம்தான் அவகாசம். மருத்துவமனையில் 'பக்கவாதமாக இருக்குமோ' என்ற சொல்லை நீங்களே முதலில் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது வரும் என்று பலருக்குத் தோன்றாததால்தான் நோயைக் கண்டுபிடிக்க ஒரு நாளுக்கு மேலாகிவிடுகிறது. முதல் சி.டி ஸ்கேன் இயல்பாக வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். ஆரம்ப மணி நேரங்களில் அதில் தெரியாத அடைப்பு எம்.ஆர்.ஐயில் தெரியும்.

தேறுவதைப் பொறுத்தவரை, கால் முதலில் திரும்பும், கை பின்தங்கும், விரல்களின் நுண்வேலை எல்லாவற்றிலும் கடைசி. பிள்ளைகள் நல்ல கையாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளப் பழகிவிடுவார்கள். அதனால் பலவீனமான கை இன்னும் பின்தங்கும். நல்ல கைக்கு உறையோ கட்டோ போட்டு, தினமும் குறிப்பிட்ட நேரம் பலவீனமான கையால் மட்டும் விளையாட வைக்கும் பயிற்சியைப் பற்றி பிசியோதெரபி நிபுணரிடம் கேளுங்கள். நடை சரியானதும் எல்லாம் முடிந்தது என்று சிகிச்சையை விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய. கவனக் குறைவும் கணக்கில் தடுமாற்றமும் இரண்டு மூன்று வகுப்பு தாண்டியபின்தான் தலைகாட்டும். அப்போது பிள்ளை சோம்பேறி என்று திட்டு வாங்காமலிருக்க, பள்ளியில் இந்த நோய் வரலாற்றை இப்போதே எழுத்தில் கொடுத்துவைப்பது நல்லது.